எந்தக் குழாயில் இருக்கிறாய்?

அண்ணா,

இன்று காலை எங்கள் லேபில் பெரிய ஃப்ரீசரைத் திறந்தார்கள். வெள்ளைப் புகை தரையில் இறங்கி என் காலைத் தொட்டது. அந்தக் குளிருக்கென்று ஒரு வாசனை உண்டு, பழைய ஐஸ் பெட்டியைத் திறந்தால் வருமே, அது. உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த பிறகும் உன் ரத்தம் அதற்குள் உறைந்து கிடந்தது. அந்த அறையை நான் ஒருநாளும் சாதாரணமாகக் கடந்ததில்லை.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு நீயாகத்தான் இந்த ஆய்வில் சேர்ந்தாய். இதய நோயாளிகளில் யாருக்கு மறுபடி மாரடைப்பு வரும் என்பதை முன்கூட்டியே காட்டுகிற ஏதாவது ரத்தத்தில் இருக்கிறதா என்று தேடுகிற ஆய்வு. வைட்ஃபீல்டில் ஐ.டி. ஆட்களை இறக்கிவிட்டு, கம்பெனி வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றோடு வருவாய். நான்தான் ரத்தம் எடுப்பேன். சின்ன வயதில் கிள்ளியதற்கெல்லாம் பழி வாங்குகிறேன் என்பாய். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஜோசியம் என்னா சொல்லுது பாப்பா?" என்று கேட்பாய்.

ஒவ்வொரு தடவையும் சொன்னேன். இப்போது எதையும் பரிசோதிக்க மாட்டோம், உறைய வைத்துவிடுவோம், வருஷங்கள் கழித்து எல்லாருடையதையும் சேர்த்துத்தான் பார்ப்போம், நெஞ்சில் ஏதாவது செய்தால் நேராக டாக்டரிடம் போ என்று. நீ தலையாட்டுவாய். அப்புறம் கேண்டீனில் மசாலா இல்லாத காலி தோசையைப் பிய்த்துக்கொண்டே அண்ணிக்குப் போன் போட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்பாய். ஒருநாள் அங்கேயே உன்னோடு சண்டை போட்டேன். நீ சிரித்தாய்.

"வீட்ல யாரு என்னா பண்ணாலும் மொதல்ல போட்டுக் குடுக்கறவ நீ. நீயே சும்மா இருக்கேன்னா, ஒண்ணும் இல்லேன்னுதான அர்த்தம்?"

பொய் இல்லை. லிங்கராஜபுரம் பாலத்தடியில் நீ சிகரெட் பிடித்ததை அப்பாவிடம் சொன்னது நான். அண்ணியோடு சுற்றியதை அம்மாவிடம் உளறியதும் நான். அதனால் என் வாயை விட்டுவிட்டு என் மௌனத்தை நம்பினாய். எனக்கு இன்னும் உன்மேல் கோபம் போகவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குக் கிளம்பி ஷூ மாட்ட உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முந்தின வாரமே நெஞ்சை அடைப்பதுபோல இருந்ததாம். அண்ணி டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டதற்கு, "பாப்பா ஒண்ணும் சொல்லலியே" என்றாயாம். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அந்த ரத்தத்துல தெரிஞ்சிருக்குமா?" இப்போதும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். சில நாள் வாயால், சில நாள் கண்ணால்.

இன்றைக்குத்தான் அந்தக் குழாய்கள் வெளியே வந்தன. என் கையெழுத்தில் இருந்த பழைய எண்கள்மேல் வேறொருவர் புது எண் ஒட்டியிருந்தார். இறந்தவர் யார், இருப்பவர் யார் என்று பரிசோதிப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எனக்குத் தெரிந்த முறைதான். இருந்தும் தட்டில் உருகத் தொடங்கியவற்றுக்குள் உன்னைத் தேடினேன். சிவப்பை நீக்கிய நீர், எல்லாம் ஒரே வைக்கோல் நிறம். எது நீ என்று தெரியாததால் ஒவ்வொன்றையும் நீயாகவே நினைத்து எடுத்தேன்.

மெஷின் எண்களைக் கொடுத்தது. இதயத் தசை நைந்தால் ரத்தத்தில் கசியும் ஒரு புரதம் சிலருக்குக் கூடுதலாக இருந்தது. ஒவ்வொரு கூடுதல் எண்ணிடமும், அண்ணா நீயா என்று மனசுக்குள் கேட்டேன். குறைந்த எண்களிடம் கேட்கத்தான் அதிகம் பயந்தேன். உன் ரத்தமும் என்னைப் போலவே சும்மா இருந்திருந்தால்? ஒரு கூட்டத்தில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று இந்த எண்கள் சொல்லலாம். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லாது. அண்ணியிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன், அவருக்கு இது போதாது என்று தெரிந்தே.

மதியம், அடுத்த ஆய்வில் சேர ஒரு ஆட்டோக்காரர் மனைவியோடு வந்தார். கையை நீட்டிக்கொண்டே, "ஏதாச்சும் இருந்தா சொல்லிடுவீங்கல்ல மேடம்?" என்றார்.

"மாட்டேன். நான் சும்மா இருந்தா நீங்க நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம் இல்ல."

அவர் தலையாட்டினார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, நான் சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். அந்த அம்மாவையும் சொல்ல வைத்தேன். இந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு என்பதுபோல இருவரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். தலையை மட்டும் ஆட்டுகிறவர்களிடம் நான் இப்போது ரத்தம் எடுப்பதில்லை.

நீயும் நன்றாகத்தான் தலையாட்டினாய், அண்ணா.