ஜாமெட்ரி பாக்ஸில் இருபத்தாறு

அன்புள்ள அப்பா,

அம்மா தூங்கியபின் எழுதுகிறேன். உங்கள் சட்டைப்பையில் டாக்டர் சீட்டோடு வைத்துவிடுவேன். திட்டாமல் படியுங்கள்.

கொழுப்பு மாத்திரையை ராத்திரிதோறும் கொடுக்கும் வேலையை என்னிடம் விட்டீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி நர்ஸக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குடிச்சிட்டு இதையும் போட்டா ஈரல் தாங்காது பாப்பா" என்றார். அதிலிருந்து நீங்கள் தோட்டத்திலிருந்து வரும்போது வாசலிலேயே மோந்து பார்ப்பேன். திராட்சைக்கு மருந்தடித்த வாடை என்றால் மாத்திரை கொடுப்பேன். அந்த இன்னொரு வாடை என்றால் கொடுக்கமாட்டேன். காலையில், "மாத்திரை குடுத்தியா ஆத்தா?" என்பீர்கள். "போட்டுட்டுத்தானப்பா படுத்தீக" என்பேன்.

இன்றைக்குத் தேனியில் டாக்டர், கொழுப்பு குறையவே இல்லை என்றார். நாளைக்கு ஈரலுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் வீரியமான மாத்திரை தருவாராம். "தண்ணி உண்டா?" என்று கேட்டார். "தொட்டே வருசமாச்சுங்கய்யா" என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

கொடுக்காத இருபத்தாறு மாத்திரைகளும் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கின்றன. வாடை பார்த்துப் பார்த்து அசதியாக இருக்கிறதப்பா. கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம்.

நாளைக்கு நானும் வருவேன். பாக்ஸை டாக்டர் மேசையில் வைத்து என் பொய்யைச் சொல்லிவிடுவேன். உங்களுடையதை நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் ஆத்தா என்று கூப்பிடும் மகள்