தூங்க வைத்த ஊசி

அக்கா,

எல்லாரும் படுத்துவிட்டார்கள். குளியலறை விளக்கில் எழுதுகிறேன்.

நீ வீட்டுக்குத் தெரியாமல் அவரோடு போன நாளிலிருந்து நான் தூங்குவதில்லை. சின்ன வயதில் நான் தூக்கத்தில் உளறும்போது நீ கேள்வி கேட்பாய், நான் பதில் சொல்வேன், நீ சிரிப்பாய். அது தெரிந்தும் உன் விலாசத்தை என் காதில் சொல்லிவிட்டுப் போனாய்.

பரீட்சைப் பயம் என்று நினைத்து அம்மா என்னைக் குற்றாலத்துக்கு அக்குபஞ்சர் பார்க்கக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தலைமுடி மாதிரி ஊசி வைத்தார். "சீன வைத்தியம்மா, மாத்திரையே கிடையாது. மூணு தடவை வந்தாப் போதும், பிள்ள நல்லாத் தூங்கும்" என்றார். வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் இனி வரமாட்டேன் என்று அழுதிருப்பேன்.

நேற்று இரண்டாவது தடவை. ராத்திரி தூங்கிவிட்டேன். காலையில் தலை பின்னும்போது அம்மா கேட்டாள்: "ஏட்டி, கடையத்துல யாரு இருக்கா? ராத்திரி பூரா கடையம் கடையம்னு சொல்லுத."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "ஊசி நல்லா வேலை செய்யுது. வெள்ளிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். அன்னிக்கு ராத்திரி இவ பக்கத்துல நான் இருந்துக்கிடுதேன்" என்றார்.

உனக்காக அப்பா தீட்டிய அரிவாள் இன்னும் பைக் பெட்டியில்தான் இருக்கிறது.

தெருப் பெயரைச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை வரை விழித்திருப்பேன். அதற்குள் வீட்டை மாற்றிவிடு. புது விலாசத்தை எனக்குச் சொல்லாதே.

உன் தங்கச்சி