பதினொன்றாம் எண் வீடு

புதன்கிழமை.

கணக்கெடுப்புக்காக வீடுகளுக்கு எண் போடும் வேலையில் எனக்கு எங்கள் ஊரையே ஒதுக்கியிருந்தார்கள். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் கிணறுகளில் இறங்கிய பிறகு பாதிப் பேர் ஆம்பூருக்குப் போய்விட்டார்கள். பாலாற்றங்கரையில் மீந்தது பதினொரு வீடு.

மணியக்காரர் வீட்டுப் பெரியவர் வாசலிலேயே காத்திருந்தார்.

“இன்னா டீச்சர், மொத நம்பர் எப்பவும் எங்க வூடுதானே?”

“வடமேற்கு மூலைலருந்து ஆரம்பிக்கணும்னு ரூலுங்க. அங்க இருக்கிறது எங்க வூடு.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. முன்பு கதவு எண் கேட்டு அப்பா இதே வாசலில் நின்றபோது, “ஊருக்கு வெளிய கீற வூட்டுக்கு நம்பர் இன்னாத்துக்கு?” என்று சிரித்தவர் இவர்தான். அன்று நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று அவர் சுவரில் 11 என்று நானே எழுதினேன். பெயிண்டைத் தாராளமாக அப்பினேன்.

ஒன்றை இந்த டைரியில் மட்டும் எழுதிவைக்கிறேன். எந்த மூலையில் ஆரம்பிப்பது என்று மட்டும்தான் விதி சொல்கிறது; எந்த வழியாகப் போவது என்று சொல்லவில்லை. அங்கிருந்து ஆற்றோரமாக வந்திருந்தால் அவருக்கு இரண்டாம் எண் கிடைத்திருக்கும். வெயிலில் மூன்று முறை ஊரைச் சுற்றி நடந்துதான் அவரைக் கடைசியாக்கும் வழியைக் கண்டுபிடித்தேன்.

கால் விண்விண்ணென்று வலிக்கிறது. வலிக்கட்டும்.