தெற்கு வாசல்காரன் மூட்டை கட்டுகிறான்

வைகாசி 2, காலை 7.10

செவ்வாய் நெடும்பாதை, தெற்கு வாசல் நிலையம். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. எழுதுபவன் சவரிமுத்து, பாதைக் காவலன். செவ்வாயில் வைகாசி ஏது? பழக்கதோஷத்தில் ஊர்க் கணக்கிலேயே தேதி போடுகிறேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். பணக்காரர்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மூன்று மாதம் நடந்து மகிழ்வதற்காகப் போட்ட பாதை இது. ஒரு நாள் நடைக்கு ஒரு குடில். குடிலில் காற்றும் தண்ணீரும் உண்டு, சோறு கிடையாது. இந்த முனையில் நான். வட முனையில் ரங்கநாயகி என்று ஒரு காவல்காரி. நடுவில் ஒரு ஜீவன் இல்லை. கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால், பூமியிலிருந்து பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள். மூன்று வேளையும் தின்கிறவர்களுக்குப் பொறுமை தாராளமாக வரும்.

என் தோட்டம் ஒரே அறை. நிலக்கடலை, கீரை. அரை வயிற்றுக்குத்தான் காணும். உயிர் போகாது, பசியும் போகாது.

வைகாசி 9, மாலை 6.00

ரங்கநாயகி ரேடியோவில் வந்தாள். கோபிச்செட்டிபாளையத்துக்காரி, மரியாதைக்குக் குறைவில்லை.

"ஏனுங்ணா, சாப்டாச்சுங்களா?"

"ஆச்சும்மா, வயிறு முட்ட. கடல காய்ச்சுத் தள்ளுது, திங்கத்தான் ஆளில்ல. நீ?"

"ஆச்சுங்ணா. அவரக்காப் பொரியலு, உருளக்கெழங்கு குருமா. மீந்து கெடக்குதுங்."

மூச்சிரைக்கப் பேசினாள். தின்று கொழுத்தால் அப்படித்தான் இரைக்கும். நான் சொன்னது முழுப் பொய். இன்று நான் தின்றது ஒரு பிடி கீரை. ஆனால் சாப்பிட்டாச்சா என்று ஒருத்தி கேட்டால், இல்லை என்று எந்த மானஸ்தன் சொல்வான்?

அவளுக்கு மூன்று அறைத் தோட்டம். பொறாமையில் வயிறு எரிகிறது.

முடிவு செய்துவிட்டேன், நடக்கப் போகிறேன். அவளிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் வேண்டாம் என்பாள். மூன்று மாதம் நடந்து வந்து வாசலில் நிற்கிறவனை விரட்ட அவளுக்கு மனசு வராது. அவள் நல்லவள். அதை நம்பித்தான் கிளம்புகிறேன்.

ஆனி 5, காலை 8.30

பயிற்சி. முதுகுப்பையில் கல்லை நிரப்பிக்கொண்டு நிலையத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். புது பூட்ஸ் குதிகாலைக் கடித்துவிட்டது. இங்கேயே கடித்துத் தொலைக்கட்டும், வழியில் கடித்தால் புண்ணோடு மாசக்கணக்கில் நொண்ட வேண்டும்.

முதல் குடில்வரை போய் வந்தேன். போக ஒரு நாள், வர ஒரு நாள். கவச உடையில் அடைத்த காற்று ஒரு நாள் நடைக்குத்தான் சரியாக இருக்கிறது.

சுமையைக் குறைத்துக்கொண்டே வருகிறேன். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக நறுக்கினேன். மாற்றுச் சட்டை வேண்டாம். ஜெபமாலையை மூன்று தடவை உள்ளே வைத்து மூன்று தடவை வெளியே எடுத்தேன். கடைசியில் வெளியே.

ஆனி 27, இரவு 7.15

தோட்டத்தை மொத்தமாகப் பிடுங்கினேன். பாதி முற்றினதையும் விடவில்லை. கடலையை வறுத்து இடித்து மாவாக்கினேன். கீரையைக் காயவைத்துப் பொடித்தேன். விதைக்கு வைத்திருந்த கடலையும் சட்டிக்குள் போனது. திரும்பி வருகிறவனுக்குத்தான் விதை வேண்டும். வாசனையில் தலை சுற்றியது. ஒரு கைப்பிடியை அள்ளித் தின்றுவிட்டு, திருடன்போல் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

மாலையில் ரங்கநாயகி ரேடியோவில் வந்தாள். இன்றைக்குக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பாம். நானும் கடலைச் சட்னி என்றேன். சிரித்துக்கொண்டோம்.

ஆடி 3, காலை 6.40

பை தயார். மூன்று மாதச் சாப்பாடு, ஒரு ஆளுக்கு. உடை மாட்டியாயிற்று. தலைக்கவசம் மட்டும் பாக்கி. கடைசியாக வெளிக் கேமராவைப் பார்த்தேன்.

பாதையில் யாரோ வருகிறார்கள். வாசலுக்கு வந்ததும் ரேடியோ பேசியது.

"அண்ணா, நானுங், ரங்கநாயகி. உங்க வாசல்லதான் நிக்கறனுங். கதவத் தெறங்."

6.55

அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். அப்படியே எழுதுகிறேன்.

"மாசிலயே சூட்டுக் கொழாய் வெடிச்சுப் போச்சுங்ணா. குளுர்ல தோட்டம் பூராக் கருகிருச்சு. பொரியலு, குருமா எல்லாம் பொய்யுங். நடந்துட்டேதான் பேசுனனுங். சொன்னா வர வேண்டாம்னுருவீங்களோன்னு பயம். உங்களுக்குத்தான் காய்ச்சுத் தள்ளுதுங்களே."

அடிப்பாவி. அடப்பாவி நானே.

7.05

அங்கே ஒன்றும் இல்லை. இங்கேயும் பையில் உள்ளதுதான். நடக்காமல் உட்கார்ந்து தின்றால் ஒருவனுக்குப் பல மாதம் ஓடும், அதற்குள் கப்பல் வரலாம். இரண்டு பேர் என்றால் பாதி. உள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன். இனி வெளியிலிருந்து திறக்காது.

ரேடியோவில் சொன்னேன்: "ஏம்மா, நான் பத்து நாள் முன்னயே கெளம்பிட்டேன். குறுக்கு வழில ஒன் ஊருக்குத்தான் வாரேன். நெலையம் பூட்டிக் கெடக்கு."

"வெளக்கு எரியுதுங்களேண்ணா."

அணைத்தேன்.

7.50

தட்டுகிறாள். திரும்பிப் போகவும் அவளிடம் காற்று இருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

"அண்ணா, சும்மா வர்லீங். அவர வெத ஒரு முடிச்சு கொண்டாந்திருக்கறனுங். போட்டு முளைக்க வெச்சா ரெண்டு பேருக்கும் ஆகுமுங்."

குருமா மாதிரி இதுவும் பொய். கதவைத் திறக்க வைக்கப் பார்க்கிறாள். எனக்குத் தெரியாதா அவள் பேச்சு.

8.35

இப்போது தட்டவில்லை, கதவைச் சுரண்டுகிற மாதிரி சத்தம். "அண்ணா" மட்டும் கேட்கிறது. ரேடியோவை அணைக்க நினைத்தேன். கை போகவில்லை.

9.20

சத்தம் இல்லை.

ஆடி 4, காலை 10.00

கதவைத் திறந்து உள்ளே இழுத்துப் போட்டேன். கனமே இல்லை. உடைக்குள் எலும்பும் தோலும்தான். பை காலி, ஒரு பருக்கை கிடையாது.

நெஞ்சோடு சேர்த்து ஒரு துணி முடிச்சு கட்டியிருந்தாள். அவிழ்த்தேன். அவரை விதை, இரண்டு கை நிறைய. அத்தனை நாள் பட்டினியிலும் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. நான் என் விதையை வறுத்துத் தின்ற நாளில் அவள் இதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள்.

அழுதேன். நம்பினால் நம்புங்கள்.

ஐப்பசி 11, காலை 7.10

அவரை போட்டேன். மண்ணில் சத்தில்லை, வேறு எருவும் இல்லை. ரங்கநாயகியை அந்தப் பாத்தியிலேயே புதைத்தேன். கொடி காய்க்கும்வரை பையிலிருந்த மாவில் பாதிகூடத் தீரவில்லை. கொடி கூரைவரை ஏறிவிட்டது. தினமும் பறித்து வதக்கித் தின்கிறேன், பறிக்கப் பறிக்க வருகிறது.

இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும்.