ஸ்பேட் இல்லையா, பார்ட்னர்?

மஞ்சக்குப்பம், கடலூர்
19 ஆகஸ்ட் 2010

அன்பு மேனேஜர் சாருக்கு,

வக்கீல் கலியமூர்த்தி எழுதுவது. நானும் அமிர்தமும் நலம். அங்கே லலிதாவும் மாப்பிள்ளை நடேஷும் உங்களை நன்றாக வைத்துக்கொள்வார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஜோடி சேர்ந்து ஆடுகிறோம், பிறகு எதற்கு இந்த இன்லண்டு லெட்டர் என்று கேட்பீர்கள். அந்தத் திரையில் நான் ஒரு வரி எழுதினால் எதிராளிகளும் படிக்கிறார்கள். அதில் ஒருத்தர் துருக்கியாம். நம் வீட்டு விஷயம் துருக்கிக்காரனுக்கு எதற்கு? போன் செய்தாலோ நீங்கள் எடுப்பதேயில்லை.

மேனேஜர் சார், இந்த ஆன்லைன் ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. காயத்ரி, என் மருமகள், பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆனாலும் சீட்டைக் கையில் விசிறியாய்ப் பிடிக்காமல், எதிரே உங்கள் மூஞ்சியைப் பார்க்காமல், என்ன பிரிட்ஜ்? நல்ல சீட்டு வந்தால் நீங்கள் தொண்டையைச் செருமுவீர்கள். அதைக் கண்டுகொள்ளாதது மாதிரி நான் உட்கார்ந்திருப்பேன். அதெல்லாம் போயிற்று.

போன வருஷம் சிதம்பரத்துக்கு மகள் வீட்டோடு போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி கிளப்புக்கு வந்தவர், ஜூனிலிருந்து வரவேயில்லை. அன்றைக்கு நான் சத்தம் போட்டதுதான் காரணமா? எதிராளி ஸ்பேட் இறங்கினார். நீங்கள் துருப்பைப் போட்டீர்கள். "ஸ்பேட் இல்லையா, பார்ட்னர்?" என்று வழக்கம்போலக் கேட்டேன். கேட்ட ஜாதி கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். மறந்துபோய் மாற்றிப் போட்டுவிடாமல் இருக்கத்தான் கூட்டாளிக்குக் கேட்க உரிமை. நீங்கள் "இல்லை" என்றீர்கள். கடைசியில் உங்கள் கையிலிருந்து ஸ்பேட் ராஜாவே விழுந்தார். சுப்பராயலு சிரித்தார், அபராதம் போட்டார்கள், எனக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பைத் தப்பென்று சொல்லாவிட்டால் அது ஆட்டமே இல்லை. என் சுபாவம் உங்களுக்குத் தெரியாததா?

டிசம்பரில் கிளப் கோப்பை. பெயர்ப் பலகையில் நம் ஜோடிக்குக் கீழே இன்னும் இடம் இருக்கிறது. வந்துவிடுங்கள்.

உங்கள் எதிர் நாற்காலி,
கலியமூர்த்தி


மேல வீதி, சிதம்பரம்
28 ஆகஸ்ட் 2010

அன்பிற்குரிய வக்கீல் ஐயாவுக்கு,

வெங்கட்ராம் அநேக நமஸ்காரம். கடிதம் வந்தது. உங்கள் கோழிக்கிறுக்கலைப் படிக்க இரண்டு கண்ணாடி வேண்டியிருந்தது. கோர்ட்டில் எப்படித்தான் காலம் தள்ளினீர்களோ.

உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. முழங்கால்தான் காரணம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதில்லை. மழைக்காலம் வேறு வருகிறது.

ஆன்லைனை இப்படித் திட்டாதீர்கள். எனக்கு அது ரொம்பச் சௌகரியம். சீட்டு கலைக்க வேண்டாம், கணக்கெழுத வேண்டாம். முன்னால் விழுந்த பிடியைத் திரும்பக் காட்டு என்றால் காட்டுகிறது. முக்கியமாக, தப்பான சீட்டை அழுத்தினால் அது நகர்வதேயில்லை. ஸ்பேட் கேட்டு, கையில் ஸ்பேட் இருந்தால், வேறெதை அழுத்தினாலும் மெஷின் விடாது. யாரும் கேட்பதில்லை, யாரும் சிரிப்பதில்லை. நான் எந்தச் சீட்டை முதலில் அழுத்தினேன் என்று துருக்கிக்காரருக்கோ உங்களுக்கோ தெரியாது. அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை.

கோப்பைக்கு வேறு ஜோடி பார்த்துக்கொள்ளுங்கள். சுப்பராயலுவின் மச்சான் இளவரசு நன்றாக ஆடுகிறார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அமிர்தம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
வெங்கட்ராம்


கடலூர்
9 செப்டம்பர் 2010

மேனேஜர் சாருக்கு,

முழங்கால் என்று எழுதியிருந்தீர்கள். போன மாசம் நீங்கள் திருவதிகைக் கோயிலில் பிராகாரம் சுற்றியதைச் சுப்பராயலுவின் சம்சாரம் பார்த்திருக்கிறார்கள். "நல்லாத்தான் வெசயா நடந்தாரு" என்று அவர்கள் சாட்சி.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் ஒரு சின்னச் சீட்டுக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் காபி குடித்துவிட்டு வந்தேன். துருக்கிக்காரர் எழுந்தே போய்விட்டார். கையில் ஒரே ஒரு டைமண்ட்தான் இருந்தது, சார். அதைப் போடுவதற்கு என்ன யோசனை?

நான் எத்தனையோ பேரைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டவன். "யாரும் கேட்பதில்லை" என்று நீங்கள் எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை. உண்மையை எழுதுங்கள். இல்லாவிட்டால் பஸ் ஏறி வந்து நிற்பேன்.

கலியமூர்த்தி


சிதம்பரம்
20 செப்டம்பர் 2010

அன்பிற்குரிய வக்கீல் ஐயாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். லலிதா காலேஜுக்குப் போயிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

எனக்குப் பயமாயிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குக் கிளப்பில் நீங்கள் கேட்டபோது நான் கையைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஸ்பேட் ராஜா கையில்தான் இருந்தது. ஆனால் அது ஸ்பேட் என்று எனக்குத் தெரியவில்லை. கறுப்பாக ஒரு படம். அவ்வளவுதான். அது கீழே விழுந்து, நீங்கள் கத்தி, சுப்பராயலு சிரித்தபோதுதான் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது கவனக்குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இனிமேல் மெஷினோடு ஆடுவோம், அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இப்போது மெஷினில் ஒவ்வொரு சீட்டாக அழுத்திப் பார்க்கிறேன், எது நகர்கிறதோ அதுதான் என் ஆட்டம். துருக்கிக்காரர் போனது அதனால்தான்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. எப்போதும்போல மேலக் கோபுர வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். தரிசனம் முடித்து வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். செருப்பு பார்த்துக்கொள்ளும் கொளஞ்சியம்மாளிடம் சண்டை போட்டேன். வக்கீல் ஐயா, திருடி என்றே சொல்லிவிட்டேன். "பெரியவரே, நீங்க இந்தப் பக்கம் செருப்பே வுடல. சும்மா கத்தாதீங்க" என்றாள். கூட்டம் கூடிவிட்டது. அவளுக்கும் அலுத்துப்போய், "இதுல எது உங்களுதோ பாத்து எடுத்துக்கினு போங்க, சாமி" என்றாள். ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு நடந்தேன். நடந்துகொண்டேயிருந்தேன், வீடு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் கோபுரம் தெரிகிறது. ஆனால் அது எந்தக் கோபுரம்? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். கண்ணைக் கட்டி விட்டாலும் நாலு வீதியும் சொல்வேன். அன்றைக்கு நாலும் ஒன்றாக இருந்தன. ஒரு ஷேர் ஆட்டோக்காரரிடம் என் வீதியின் பெயரைச் சொல்லி ஏறிக்கொண்டேன். பெயர் மட்டும் நினைவிருந்தது, சாமி புண்ணியம்.

வீட்டு வாசலில் லலிதா, "அப்பா, இது யாரோட செருப்பு?" என்றாள். குனிந்து பார்த்தேன். என் காலைவிட இரண்டு விரல் பெரியது. புதிதாக வாங்கினேன் என்று பொய் சொன்னேன். பழைய செருப்பைப் புதிது என்றால் நம்புவாளா? உள்ளே போய்விட்டாள். நான் வந்து நின்று சண்டை போட்டது வடக்குக் கோபுரம் என்று மறுநாள்தான் புரிந்தது. அந்தச் செருப்பு என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. திருடி என்று அவளைச் சொல்லிவிட்டு நான்தான் யாருடையதையோ எடுத்து வந்திருக்கிறேன்.

லலிதாவுக்குத் தெரிந்தால் என்னை வெளியே விடமாட்டாள். கிளப்பில் தெரிந்தால் பரிதாபப்படுவார்கள். அதைவிட உங்களுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் அதிகம் பயந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

வெங்கட்ராம்


கடலூர்
27 செப்டம்பர் 2010

அன்பு மேனேஜர் சாருக்கு,

கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. அமிர்தத்திடம்கூடக் காட்டவில்லை. பீரோவில் சட்டைக்கடியில் இருக்கிறது.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. காலையில் எழுந்ததும் பேரப்பிள்ளைகள் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். நேற்றுக் கோர்ட்டு எதிரே ஒரு ஜூனியர் வணக்கம் வைத்தான், அவன் பெயர் வரவில்லை. வேர்த்துக் கொட்டிவிட்டது. பிறகு யோசித்தால் அந்தப் பையனை நான் அதற்குமுன் பார்த்ததேயில்லை. சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

இரண்டு விஷயம் கேட்கிறேன், மறுக்கக்கூடாது. ஒன்று, லலிதாவிடம் நீங்களே சொல்லுங்கள். அந்தப் பெண் செருப்பைப் பார்த்த அன்றே பாதி புரிந்துகொண்டிருப்பாள். டாக்டரிடம் கூட்டிப்போகட்டும். இரண்டு, மெஷினை நிறுத்துங்கள். தப்பான சீட்டை அது தடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு என்ன ஆகிறது என்று மூன்று மாசமாக அது எனக்குச் சொல்லவில்லையே. எதிரே உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

நீங்கள் கிளப்புக்கு வர வேண்டாம். நான் வருகிறேன். சுப்பராயலுவையும் இளவரசுவையும் கூட்டிக்கொண்டு, சீட்டுக்கட்டோடு, உங்கள் வீட்டுக்கே. ஒவ்வொரு சீட்டுக்கும் கேட்பேன். ஸ்பேட் இல்லையா பார்ட்னர், கிளாவர் இல்லையா பார்ட்னர் என்று வாய் வலிக்கக் கேட்பேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. சுப்பராயலு சிரித்தால் அவர் பாடு.

உங்கள் எதிர் நாற்காலி,
கலியமூர்த்தி


சிதம்பரம்
1 நவம்பர் 2010

வக்கீல் ஐயாவுக்கு,

லலிதாவிடம் சொன்னேன். அவள் முதலில் அழுதாள், பிறகு சோறு போட்டாள். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்திருக்கிறார். குணமாகும் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்கப் பயம்.

வரும் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை எல்லோரும் வாருங்கள். லலிதா சமைக்கிறாள். மற்ற இருவர் எதிரே நான் உளறினால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் எழுதவேண்டாம். வந்துவிடுங்கள்.

வெங்கட்ராம்


கடலூர்
20 நவம்பர் 2010

அன்பு மேனேஜர் சாருக்கு,

வியாழக்கிழமை மழை விட்ட நேரம் பார்த்துக் கிளம்பியதால் பத்திரமாக வந்து சேர்ந்தோம். வீட்டுக்கு வந்தபின்தான் பார்த்தேன், குடையை உங்கள் வராந்தாவிலேயே வைத்துவிட்டேன். மரப்பிடி போட்ட கறுப்புக் குடை. இருக்கட்டும், அடுத்த தடவை எடுத்துக்கொள்கிறேன்.

எத்தனை நாளாயிற்று நீங்கள் தொண்டையைச் செருமிக் கேட்டு! நாலு ஹார்ட் கேட்டு ஜெயித்தீர்களே, அப்போது இளவரசு என் காதில், "இன்னா மாமா, இவருக்கா ஒடம்பு சரியில்லன்னீங்க?" என்றான். ஒவ்வொரு சீட்டுக்கும் கேட்டேன். நீங்கள் ஒவ்வொரு தடவையும் பார்த்துச் சொன்னீர்கள். இரண்டு தடவை சீட்டை மாற்றிக்கொண்டீர்கள். சுப்பராயலு சிரிக்கவில்லை.

அந்தப் பெரிய செருப்பை நானே வடக்குக் கோபுர வாசலில் கொடுத்துவிட்டேன். கொளஞ்சியம்மாளிடம் உங்கள் சார்பில் மன்னிப்பும் கேட்டாயிற்று. "போவுது வுடுங்க. பெரியவரு சௌக்கியமா?" என்று கேட்டாள். இனி அந்தப் பயம் வேண்டாம்.

லலிதாவின் வத்தக்குழம்பை அமிர்தத்திடம் புகழ்ந்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மழை விட்டதும் மறுபடி வருகிறோம்.

உங்கள் எதிர் நாற்காலி,
கலியமூர்த்தி


சிதம்பரம்
29 நவம்பர் 2010

அன்பிற்குரிய வக்கீல் ஐயாவுக்கு,

வெங்கட்ராம் அநேக நமஸ்காரம். உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம், மறைக்காமல் எழுதுகிறேன்.

சுப்பராயலுவையும் இளவரசுவையும் கூட்டிக்கொண்டு சீட்டுக்கட்டோடு வருகிறேன் என்று எழுதினீர்கள். வியாழக்கிழமை என்று நானும் எழுதினேன். குளித்து, வேட்டி மாற்றி, ஹாலில் மேஜை போடச் சொல்லி உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வரவேயில்லை. மழை என்றால் ஒரு வரி எழுதக்கூடாதா? என்னோடு ஆட வெட்கமாயிருக்கிறதோ என்று நினைத்துவிட்டேன்.

கட்டிலுக்கடியில் இருந்த செருப்பைக் காணோம். யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய செருப்பு அது. அந்த அம்மாள் என்ன நினைப்பாள்?

இன்னொன்று. வராந்தாவில் ஒரு குடை இருக்கிறது. மரப்பிடி போட்ட கறுப்புக் குடை. யாருடையது என்று லலிதாவைக் கேட்டேன். வக்கீல் மாமாவுடையது என்கிறாள். நீங்கள் வராமல் உங்கள் குடை மட்டும் எப்படி வரும்? அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் எதற்கோ பயந்திருக்கிறாள். மேலே கேட்கவில்லை. நீங்களாவது சொல்லுங்கள். அந்தக் குடையைத் தாண்டிப் போகவே எனக்குப் பயமாயிருக்கிறது.

ஒரு தடவை வாருங்கள். எதிரே உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் கேட்டால் நான் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

வெங்கட்ராம்


கடலூர்
2 டிசம்பர் 2010

அன்பு மேனேஜர் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுத இரண்டு தாள் கிழித்துப் போட்டேன்.

நான் வராதது தப்புதான். மழை என்று எழுதியிருக்க வேண்டும், சோம்பேறித்தனம். உங்களோடு ஆட எனக்கென்ன வெட்கம்? வேறு யாரோடும் எனக்கு ஆடவே பிடிக்காது.

செருப்பு உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டதாம், லலிதா சொன்னாள். கவலை வேண்டாம்.

குடை என்னுடையதுதான். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சிதம்பரத்தில் மழை ஜாஸ்தி என்று தெரிந்த ஒருத்தரிடம் முன்னாலேயே கொடுத்தனுப்பினேன். நான் வருகிறவரை அது அங்கேயே இருக்கட்டும்.

வரும் ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். மழை கொட்டினாலும் வருவோம். உங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறேன், மேல வீதியில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் வாசலில் நின்று கை காட்டுங்கள்.

உங்கள் எதிர் நாற்காலி,
கலியமூர்த்தி