ஆற்றில் விட்ட சாட்சி

கல்லுளிமங்கனாகவே இருந்துவிட்டுப் போன என் தங்கத் தம்பி சேகருக்கு,

இன்றைக்குத்தான்டா நிம்மதியாக மூச்சு விட்டேன். காலேஜில் உன்னோடு கல் ஆராய்ச்சி செய்த வசந்தி மேடம் காலையில் போன் செய்தார். அவர் என்ன சொன்னார் என்பது அப்புறம். என்னை எத்தனை நாள் பதற வைத்தாய், நீயும் கொஞ்சம் காத்திரு.

உன் கருமாதியில் நடந்த கூத்து உனக்குத் தெரியாது. நம் குருவிநத்தத்தில் எங்கே தோண்டினாலும் வண்டலும் மணலும்தான், பேருக்கு ஒரு பாறை கிடையாது. அதனால் போனவருக்காக ஆற்றங்கரையில் கல் நிறுத்திப் பால் ஊற்றுகிற சடங்குக்கு எல்லோரும் ஒரு செங்கல்லைத்தான் எடுத்துப் போவார்கள். நம் சித்தப்பாவுக்கு மனசு வரவில்லை. "கல்லுக்கு உசுர வுட்ட புள்ளைக்கு செங்கல்லா வெக்கிறது?" என்று அழுதுகொண்டே மாடியறைக்குப் போய், உன் அலமாரியிலிருந்த கல்லிலேயே அழகானதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடிய கல். ஒரு பக்கம் மிஷினில் அறுத்துத் தட்டையாக இருந்ததால் ஆடாமல் நின்றதாம். நீ பெயின்ட்டில் எழுதியிருந்த நம்பரைக்கூட அழுக்கு என்று நினைத்துத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்திருக்கிறார்.

எண்ணெய், சீயக்காய், பால் எல்லாம் ஊற்றிய பிறகு, காரியம் செய்த சித்தப்பா மகன் அதைத் தோளுக்குப் பின்னால் தண்ணீரில் விட்டான். வழக்கப்படி யாரும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்கள். வீட்டில் கிடந்து அழுதுகொண்டிருந்த எனக்கு இது எதுவும் தெரியாது.

ஆடி மாதம் வசந்தி மேடம் கூப்பிட்டார். "அக்கா, கிருஷ்ணகிரிப் பக்கம் எடுத்த வரிக்கல்லுல மீதிப் பாதி சார் ரூம்ல இருக்கும், அத அனுப்புங்க" என்றார். நீங்கள் இரண்டு பேரும் எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள் நம்பவில்லையாம். வேறொரு லேபில் சோதித்துக் காட்டச் சொல்கிறார்களாம். அங்கேயே போய்ப் புதிதாக ஒரு துண்டு வெட்டி வரலாமே என்றேன். "அந்தக் குன்றே இல்லக்கா, ஜல்லியாப் போச்சு" என்றார். மாடியறை முழுக்கத் தேடிவிட்டு சித்தப்பாவைக் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது.

உன் கதை எனக்கு மறக்குமா? சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் சோற்றை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பாய். தார்வார் என்கிற பழைய நிலத்தொகுதி ஒரே கட்டியாகப் பிறக்கவில்லை, மேற்கே ஒரு துண்டு, கிழக்கே ஒரு துண்டு என்பாய். மீனும் மரமும் இல்லாத காலத்தில், ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி வருஷத்துக்கு முன்னால், இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொண்டன. கிழக்குத் துண்டு இளையது என்றுதான் பேச்சு. ஆனால் அதற்குள்ளேயும் முந்நூறு கோடி தாண்டிய கிழட்டுப் பாறை சிக்கிக் கிடக்கிறது, அதற்கு என் கல்லே சாட்சி என்று குதித்தாய்.

"கல்லுக்கு ஜாதகம் எவன்டா எழுதுனான்?" என்று கேட்டேன். மணலைவிடப் பொடியாக சிர்கான் என்று ஒரு மணி உள்ளே இருக்கும், அதிலுள்ள யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறும், எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் வயசு தெரிந்துவிடும் என்றாய். சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

அந்தச் சாட்சியைத்தான் ஆற்றில் விட்டிருந்தோம். கல் இல்லையென்றால் உன் பேச்சு வெறும் பேச்சாகிவிடும். செத்துப்போனவன் கதை விட்டிருக்கிறான் என்று ஒருத்தர் நினைத்தாலும் என்னால் தாங்க முடியுமா? ஐப்பசியில் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தால் எல்லாம் மணலுக்குள் போய்விடும்.

கரும்பு வெட்டும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். சித்தப்பா கரையில் நின்று கத்தினார். "வுட்ட கல்ல எடுத்தா போனவன் வூட்டுக்கே திரும்பி வந்துடுவான்டி!"

"வரட்டும் சித்தப்பா! எனக்கு இன்னா கசக்குதா?" என்றேன். சொன்ன பிறகு இரண்டு பேருமே அழுதோம்.

எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பார்த்திருந்தால்தானே? காலால் சேற்றைத் துழாவினால் செங்கல்லாக வந்தது. யார் யாருக்கோ விட்டவை. கும்பிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தோம்.

உன் கூட்டாளி காதர் விஷயம் கேள்விப்பட்டு, பாகூரில் டைல்ஸ் கடையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கோரைப்புல் ஓரமாக நேரே இறங்கினான். "இங்கதான்க்கா வுழுந்துச்சு."

"உனக்கு எப்டிடா தெரியும்? திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு சொல்லலையா?"

"சொன்னாங்க. எல்லாரும் போயிட்டாங்க. நான் நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். அவன வுட்டுட்டுப் பாக்காம எப்டிக்கா போறது?"

இரண்டு முறை முங்கி எழுந்தான். அறுத்த பக்கம் பளபளவென்று உன் கல் அவன் கையில் இருந்தது. நனைந்த லுங்கியோடு அவனை அங்கேயே கட்டிக்கொண்டேன். ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

நல்லெண்ணெய் ஊற்றிவிட்டோமே, கெட்டுப் போயிருக்குமோ என்று கல்லைக் கொடுக்கும்போது வசந்தி மேடத்திடம் பயந்து பயந்து கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "பூமிக்கு அடியில வெந்து, அமுங்கி, மேல வந்த கல்லு அது, அக்கா. உங்க எண்ணெய் அத என்ன பண்ணும்?"

சரி, காலையில் வந்த செய்தி. புது லேபும் நீ கணக்குப் போட்ட வயசைத்தான் சொல்லியிருக்கிறது. கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். உன் பெயர்தான் முதலில் வருமாம். நீ சொன்னது சரிடா தம்பி.

சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்போ நம்ப புள்ள சொன்னது நெசந்தானா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். இந்நேரம் கண்டம் ஒட்டிய கதையைத் தப்பும் தவறுமாக அளந்துகொண்டிருப்பார். நீ இருந்தால் திருத்தப் போயிருப்பாய், இல்லையா?

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். தம்பி என்ன வேலை பார்த்தார் என்று கேட்பவர்களிடம் இத்தனை நாளும் 'காலேஜில் இருந்தான்' என்று சொல்லி முடித்துக்கொண்டேன். இனிமேல் உட்கார வைத்து, இந்த நிலம் பிறந்த கதையை முதலிலிருந்து சொல்லுவேன். அதில் உலகத்துக்குத் தெரியாத ஒரு துண்டைக் கண்டுபிடித்தவன் என் தம்பி என்று சொல்லுவேன். நேரமாச்சு என்று எழுந்தாலும் விடமாட்டேன்.

உன்னைப் பெறாமல் வளர்த்த,
அக்கா மலர்க்கொடி