வெளிச்சம் பார்க்க நின்றவள்

ஜூன் 4

கோட் விளம்பரப் படப்பிடிப்பு இன்று முடிந்தது. துணிக்கடை முதலாளி கேட்டது மூன்று நிமிடப் படம்: பச்சைக் கோட், ஒரு ஜன்னல், ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு பெண். கண்ணாடி அக்கா வீட்டுடையது. நான் உடைத்துவிடுவேன் என்ற பயத்தில் லீவு போட்டுவிட்டு கண்ணாடி வந்த வண்டியிலேயே அவளும் ஏறி வந்துவிட்டாள்.

மாடலுக்கு மேக்கப் முடிய நேரமானது. வெளிச்சம் சரிபார்க்க அவள் இடத்தில் யாராவது நிற்க வேண்டும். எங்கள் தொழிலில் கையில் அகப்பட்டவர்தான் நிற்பார். அக்கா அகப்பட்டாள். கோட்டைப் போட்டு நிறுத்தினேன். கேமராக்காரர் "இருங்க" என்றார். எதற்கெடுத்தாலும் அதையே சொல்வதால் அவர் பெயரே எங்களுக்குள் 'இருங்க' ஆகிவிட்டது.

"ஓடுதாடி?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. சும்மா வெளிச்சம் பாக்கறோம்."

ஓடிக்கொண்டிருந்தது. கேமரா ஓடும்போது எரியும் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்போம், இல்லாவிட்டால் நிற்பவர் கண் அதற்கே போய்விடும். அதனால் அவளுக்குத் தெரிய வழியில்லை. நிறுத்த வேண்டாம் என்று 'இருங்க'வுக்குக் கை காட்டியது நான்தான்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தபடி பட்டன் போட்டாள். கை இடது மார்பில் நின்றது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கம் உள்ளே பஞ்சுதான். இடம் மாறியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். தன்னையே பார்த்து லேசாகச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் கண்ணாடி முன் நின்று நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு மாடல் மாலைவரை நடந்தாள், திரும்பினாள், பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

ஜூன் 7

எடிட்டிங். அக்கா வரும் துண்டைப் படத்தின் நடுவில் வைத்தேன். முகம் கண்ணாடியில் பாதிதான் தெரிகிறது, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? செத்துக் கிடந்த படம் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"யாரு மேடம் இவங்க? பின்றாங்க" என்றார் எடிட்டர். தெரிஞ்சவங்க என்றேன். அக்கா என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை?

ஜூன் 8

அவளிடம் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு.

ஜூன் 11

சொல்லவில்லை.

சனிக்கிழமை டிசைன் கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மனதில் நிற்கும் ஃபேஷன் படம் எடுப்பது எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டுமாம். குறிப்பு எழுதினேன். உடையைக் காட்டாதே, உடுத்தியிருப்பவளுக்கு என்ன வேண்டும் என்று காட்டு. அவளுக்கு ஒன்றுமே வேண்டாமென்றால் அது படமில்லை, கடை ஜன்னல். துணிக்குச் சத்தம் உண்டு, அதைப் பதிவு செய். பாட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பார், அப்போதும் கண்ணை எடுக்க முடியவில்லை என்றால் தேறும். முகம் நடிக்கும், கையை நம்பு.

கடைசியாக ஒரு வரி: ஆள் அறியாத நேரத்தில் பிடி. எழுதிவிட்டு டீ போடப் போய்விட்டேன். திரும்பி வந்து அதைப் படிக்கவில்லை.

ஜூன் 14

பேசினேன். அக்கா வரும் துண்டைப் போட்டுக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், அவங்க கை அங்க போகுதே... நீங்க எடுக்கறது அவங்களுக்குத் தெரியுமா?"

"நல்ல நடிகைம்மா. ரெண்டு நாள் ஒத்திகை பாத்தோம்."

கூசாமல் சொன்னேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து, போட்ட சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன். சீ.

ஜூன் 17

முன்னோட்டம் என்று அந்தத் துண்டை மட்டும் முதலாளி நேற்று வெளியிட்டிருக்கிறார். என்னைக் கேட்கவில்லை. நான் யாரைக் கேட்டேன், அவர் என்னைக் கேட்க?

மதியம் அக்கா போன் பண்ணினாள். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க."

ஆபீசில் அவள் சொல்லி வைத்திருந்தது குடல்வால் ஆபரேஷன் என்று. பக்கத்து மேசைக்காரி போனில் படத்தை அப்படியே நிறுத்தி, "ஏன்டி இங்க தொட்டுப் பாக்கறே?" என்று கேட்டாளாம்.

"நீ என்னக்கா சொன்னே?"

"என்ன சொல்ல? எழுந்து பாத்ரூமுக்குப் போயிட்டேன்."

நான் உளற ஆரம்பித்தேன். முகம் சரியாத் தெரியலைக்கா, ரொம்ப அழகா இருக்கேக்கா —

"அழகா இருக்கேன்னு எனக்கும்தான் தெரிஞ்சுது. அதான் சிரிச்சேன். அது நானும் என் கண்ணாடியும் பேசிக்கிட்டதுடி. ஓடுதான்னு உன்னைக் கேட்டேன்ல?"

வைத்துவிட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

கேட்டாளே. வாய்விட்டுக் கேட்டாளே. நான் என்ன ஜென்மம்?

ஜூன் 18

முதலாளியிடம் போய், அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள், முழுப் படத்திலும் அது வராது என்றேன்.

"படத்துக்கு உசுரே அதானேம்மா."

"அவங்க என் அக்கா சார். சொல்லாம எடுத்துட்டேன்."

"கூடப் பொறந்த அக்காவா?" என்று மட்டும் கேட்டார். போனை எடுத்து என் கண் முன்னாலேயே நீக்கினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அங்கிருந்தே 'இருங்க'வைக் கூப்பிட்டு, உங்களிடம் இருப்பதையும் அழித்துவிடுங்கள் என்றேன்.

"இருங்க. அக்காவைக் கேட்டீங்களா?"

இல்லை. இதையும் கேட்கவில்லை. கேட்டுச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

ஜூலை 2

படம் வெளிவந்தது. சப்பென்று இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நல்லதுதான்.

ஜூலை 9

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கதவைப் பாதி திறந்து, "தூங்கறா" என்றார். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் என் முகத்தைவிடச் சிறுத்துப்போனது. வந்துவிட்டேன்.

ஜூலை 23

கல்லூரிக்குப் போன் செய்து, அந்த மாணவியிடம் நான் சொன்னது பொய், அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். "பரவாயில்ல மேடம்" என்றார்கள். பரவாயில்லையாம்.

ஆகஸ்ட் 12

செருப்புக் கடைக்கு ஒரு சின்னப் படம். கண்ணாடி தேவைப்பட்டது. வாடகைக்கு எடுத்திருக்கலாம். அக்காவிடம் கேட்டு நேற்று செய்தி அனுப்பினேன், பதில் வராது என்று தெரிந்தே. காலையில் வண்டி வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. பின்னாலேயே அக்கா.

"நீ உடைச்சுத் தொலைப்பே. அதான் வந்தேன்." என்னைப் பார்க்காமலேதான் சொன்னாள்.

ஆபீசில் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். "என்னைக்காவது நானே சொல்லியிருப்பேன். எப்ப, யார்கிட்டன்னு நான் பாத்து முடிவு பண்ணியிருப்பேன். அதை நீ எடுத்துக்கிட்டே." நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்தத் துண்டை அழிக்காதே. எனக்குக் குடு" என்றாள் கடைசியில்.

வெளிச்சம் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. நானே போய் நின்றேன்.

"தள்ளு. நீ இங்க நின்னா அங்க யாரு பாக்கறது?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா வந்து நின்றாள். 'இருங்க' தன் வழக்கப்படி இருங்க என்றார்.

"ஓடுதா?"

"இல்லக்கா."

அக்கா நின்ற இடத்தை விட்டுக் கேமராவிடம் நடந்து வந்தாள். எங்கே பார்க்க வேண்டும் என்று யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறாள். குனிந்து, சிவப்பு விளக்கின் மேலிருந்த டேப்பை நகத்தால் உரித்தாள். விளக்கு எரியவில்லை.

டேப்பைத் திருப்பி ஒட்டவில்லை. விரலில் வைத்துக்கொண்டே போய்த் தன் இடத்தில் நின்றாள்.